வலப்பக்க மட்காட்

இரும்பில் ஏறிய கறள் சுரண்டுகிற வேலையில் ஆண்கள் நிலைப்பதில்லை. உருத்திரபுரத்துக்குத் திரும்புகிற றோட்டோரம் வாகனம் திருத்துகிற கராச் போட்ட நாள் முதலாக விஜிதரன் இதைப் பார்த்துவிட்டான். வருகிறவன் முதல் நாள் கிறைண்டரைத் தூக்கிக்கொண்டு பொறி பறக்க நிற்பான். அடுத்த நாள் கண் எரிகிறது என்பான். அதற்கடுத்த நாள் நெடுங்கேணியில் மாமாவுக்குச் சுகமில்லை என்று போன் வரும். வீரம்மா ஒருத்திதான் நின்று பிடித்தாள். எஞ்சின் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவ வந்தவள், ஆளில்லாத ஒரு நாளில் கறள் தேய்க்கிற கம்பிப் பிறஸ்ஸைக் கையில் எடுத்தாள். பிறகு அதைக் கீழே வைக்கவில்லை.

வேலை பழகிப்போனதே தவிர, வேலை இலேசாகவில்லை. முதலில் கழுவ வேண்டும். சேறும் கிறீசும் இருக்கிற தகட்டில் பிறஸ் போட்டால் கிறீசை இரும்புக்குள் தேய்த்து ஏற்றியதாகத்தான் முடியும். சவுக்காரத்தூள் தண்ணீர், பிறகு மண்ணெண்ணெய், பிறகு வெயில். காய்ந்த பிறகு, செதில் செதிலாக எழும்பி நிற்கிற கறளை உளியால் தட்டி விழுத்த வேண்டும். பிறகு கம்பிப் பிறஸ். பிறகு சாண்ட் பேப்பர், முரட்டுத்தாள் முதலிலும் மென்தாள் பின்னாலும். குழி விழுந்த இடங்களில் சைக்கிள் கம்பியைக் கூராக்கிக் குத்தி எடுக்க வேண்டும். ஒரு புள்ளி கறள் குழிக்குள் மிஞ்சினாலும் பெயின்ற்றுக்கு அடியில் இருந்துகொண்டு தகட்டைத் தின்னும். கடைசியாகத் தின்னர் நனைத்த துணியால் துடைத்த பிறகு வெறுங்கை படக்கூடாது. உள்ளங்கை வேர்வை பட்டால் போதும், கொஞ்ச நாளில் கை அடையாளம் அப்படியே கறளாக எழும்பி வரும். அன்றைக்குத் துடைத்த இரும்பை அன்றைக்கே பிரைமர் பூசி மூடிவிடவும் வேண்டும். புரட்டாதி மாதத்து ஈரக்காற்றில் ஒரு இரவு திறந்து கிடந்தால் விடியும்போது தகடு முழுக்க மஞ்சள் பூத்திருக்கும்.

மூக்கைச் சுற்றிச் சீலைத்துண்டு கட்டிக்கொண்டுதான் வேலை செய்வாள். ஆனாலும் தூள் உள்ளே போகும். மத்தியானம் சோற்றுப் பார்சலை விரித்தால் முதல் வாய் இரும்பு போலக் கயர்க்கும். இரவில் இருமினால் செம்மண் நிறத்தில் வரும். தையல் ஆலைக்கு வேலைக்குப் போகிற மகள் சுதர்சினி அவளுடைய உடுப்பைத் தனியாகத் தோய்ப்பாள். "அம்மா, உங்கட சட்டையோட என்ர சட்டையைப் போட்டன், காமென்ற்சுக்குப் போற வெள்ளைச் சட்டை இப்ப காவி. சாமியாரெண்டு நினைக்கப் போகினம்" என்று ஒருநாள் கத்தினாள். வீரம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

புரட்டாதி பிறந்து சில நாள் கழித்து, இன்னொரு மெசினுக்குப் பின்னால் சங்கிலி கட்டி, நடராசா ஐயாவின் பழைய உழவு மெசின் கராச்சுக்கு வந்தது. ஐயா ஓட்டோவில் பின்னால் வந்தார். எண்பதை எட்டுகிற வயது. குளத்துத் தண்ணீர் பாயும் வயல் அவருக்கு அந்தப் பக்கத்தில் நிறையவே இருந்தது. அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி எடுத்த வயல்.

"விஜி, எங்கட ஐயா வாங்கின மெசின் இது. வாணிவிழாப் பூசைக்குப் புது மெசின் மாதிரி நிக்கோணும்."

விஜிதரன் பின்சக்கரத்தை மூடியிருந்த மட்காட்டில் நகத்தால் தட்டிப் பார்த்தான். புட்டி கட்டியாகக் கழன்று விழுந்தது. "எஞ்சின் பரவாயில்லை ஐயா, தகடுதான் உக்கிப்போச்சு. ஆர் உதுக்குப் பெயின்ற் அடிச்சவன்? கறளைச் சுரண்டாமல் மேலால புட்டியை அப்பிப்போட்டு அடிச்சிருக்கிறான்."

"சண்டை முடிஞ்சு ஆமிக்காரரிட்டை இருந்து எடுத்தாப்போல வவுனியாவில ஒருத்தன் செய்தவன். இவ்வளவு காலம் நிண்டதே பெரிசு." ஐயா திரும்பி, மண்ணெண்ணெய்த் தட்டத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த வீரம்மாவைப் பார்த்தார். "நல்லாச் சுரண்டு வீரம்மா. உன்ர மனுசன் நடுறோட்டில விட்டிட்டு ஓடின மெசின். அவன் செய்த வேலைக்கு நீயெண்டாலும் ஒரு வேலை செய்து குடு."

"செய்றேங்கய்யா" என்றாள்.

ஓட்டோ போன பிறகு விஜிதரன் துப்பினான். "கிழவன்ர வாய்க்குள்ளதான் முதல்ல பிறஸ் போடோணும்."

"விடுங்க தம்பி. அவரு எப்பவும் சொல்றதுதானே."

எப்பவும் சொல்வதுதான். கோயிலில் சொல்வார், சந்தையில் சொல்வார், செத்தவீட்டில் கூடச் சொல்வார். கேட்கிறவர்கள் வீரம்மாவைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள், பாவம் என்று. அவளுக்கு அந்தச் சொல் உள்ளுக்குள் எப்படி இருந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது.

வீரம்மாவின் தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். எழுபத்தேழு கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்தபோது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வன்னிக்கு வந்தார்கள். வளர்ந்தது பிறத்தியார் வயலில். கலியாணம் கட்டிய மாயாண்டியும் அப்படி வந்த குடும்பம்தான். நடராசா ஐயாவின் வயலில் கூலிக்கு நின்றான். ஐயாவின் வளவில் கிணறு வெட்டும்போது கல் உருண்டு அவனுடைய இடது முழங்காலில் விழுந்தது. எலும்பு பொருந்தியது, முழங்கால் மடிய மறுத்துவிட்டது. குனிந்து நாற்று நட முடியாதவனை என்ன செய்வது என்று ஐயா யோசித்து, மெசினில் ஏற்றி இருத்தினார். அது ஐயா செய்த நல்ல காரியம். வீரம்மா அதை மறக்கவில்லை.

மெசினில் கிளச் இடது காலுக்கு. மடியாத காலால் அதை மிதிக்க மாயாண்டி ஒரு வழி கண்டுபிடித்தான். சீற்றில் பின்னுக்குத் தள்ளி, உடம்பை வலப்பக்கம் ஒருக்களித்து, வலது தோளை மட்காட்டில் முட்டுக்கொடுத்து, காலை நேராக நீட்டி மிதிப்பான். மிதித்து முடிந்ததும் நிமிர்ந்துவிடுவான். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் எடுக்கும்போதும் அவன் மட்காட்டைக் கட்டிப்பிடிப்பது போலிருக்கும். "உவன் வீரம்மாவுக்குக் கட்டின தாலியை மட்காட்டுக்குக் கட்டியிருக்கலாம்" என்று வயலில் பகிடி விடுவார்கள். மாயாண்டியும் சளைக்கமாட்டான். "மட்காட் திருப்பி ஏசாது" என்பான்.

கடைசிச் சண்டையில் ஐயாவின் குடும்பமும் இவர்களும் ஒன்றாகத்தான் இடம்பெயர்ந்தார்கள். மெசினும் அது இழுக்கிற பெட்டியும் நிறையச் சாமான்களோடு கடற்கரை மாத்தளன் வரைக்கும் போனார்கள். விதைநெல் மூட்டைகள் வழியில் இரணைப்பாலையில் ஒரு வீட்டில் நின்றுவிட்டன. ஐயா மாயாண்டியை அனுப்பினார், போய் ஏற்றிக்கொண்டு வா என்று. ஏழெட்டு வயது மகளை விட்டு வீரம்மாவால் அப்போது நகர முடியவில்லை. மகள் காய்ச்சலில் கிடந்ததால் பங்கருக்குள் நனைந்த துணியோடு இருந்தாள், அவன் போனதைக் காணவில்லை. போனவன் வரவில்லை. முள்வேலி முகாமில் இருந்தபோது ஐயா எல்லோருக்கும் சொன்னார்: மாயாண்டி மெசினை விட்டுவிட்டு ஆமியின் பக்கம் ஓடிவிட்டான். எந்த நாள் அனுப்பினீர்கள் ஐயா என்று வீரம்மா கேட்டபோது, "அந்த அமளியில ஆருக்கடி நாள் கிழமை தெரியும்" என்றார்.

ஓடினவன். அவள் அந்தச் சொல்லை வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். ஓடினவனுக்கு உயிர் இருக்கிறது. எங்காவது பிடித்து வைத்திருப்பார்கள், எங்காவது சோறு போடுவார்கள். காணாமல் போனவர்களைக் கேட்டுக் கந்தசாமி கோயிலடிக் கொட்டிலில் மற்றத் தாய்மாரோடு அவனுடைய படத்தை வைத்துக்கொண்டு இருந்த நாட்களில், அவன் உயிரோடு இருப்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் அதையே சொன்னாள்: அவரு ஓடிப்போனத முதலாளியே சொல்றாருங்க. ஒருமுறை விஜிதரன் வாய்தவறிக் கேட்டுவிட்டான்: "அக்கா, அந்தக் காலோட மாயாண்டியண்ணை எப்பிடி ஓடுறது?"

"நடந்து போயிருப்பாரு" என்றாள். பிறகு இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை.

இந்த வருடம் அந்தச் சொல்லுக்கு நெருக்கடி வந்தது. சுதர்சினிக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. துணுக்காய்ப் பெடியன், அஜந்தன் என்று பெயர், மேசன் வேலை. கலியாணக் கார்ட் அடிக்கக் கொடுக்க வேண்டும். பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போடுவதா, வெறுமனே மாயாண்டி என்று போடுவதா?

"அமரர் எண்டு போடுவமம்மா" என்று சுதர்சினி அன்றைக்குக் காலையிலும் குசினிக்குள் நின்று சொன்னாள். "வெறும் பேரைப் போட்டால் சனம் கேக்கும், தகப்பன் எங்க, ஏன் மணவறைக்கு வரேல்லை எண்டு. மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் ஏற்கெனவே கேட்டிட்டினம். நான் என்ன சொல்லுறது?"

"வெளியூருல இருக்காருன்னு சொல்லு."

"பதினைஞ்சு வருசமா?"

"உசிரோட இருக்க மனுசன நான் ஏண்டி சாகடிக்கணும்?"

"நீங்கள் சாகடிக்கேல்லை. ஆனா ஒரு நாள்கூட அந்த மனுசனுக்கு ஒரு பிடி சோறு படைக்க விடேல்லை." சுதர்சினி பாண் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு காமென்ற்ஸ் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அந்தக் கதையைக் காதில் வைத்துக்கொண்டுதான் வீரம்மா மெசினில் கை வைத்தாள். இத்தனை வருடமாக ஐயாவின் கொட்டிலில் அது நிற்பதை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறாள், கிட்டப் போனதில்லை. கழுவினாள். காய விட்டாள். பொனட், விளக்குக் கூடு, படி என்று முன்பக்கத்தை முதலில் முடித்தாள். எல்லாம் வழக்கமான கறள்தான், வழக்கமான புட்டிதான்.

இடப்பக்க மட்காட்டில் உளி பட்டதும் புட்டி பொலபொலவென்று கொட்டியது. கீழே ஓட்டைகள். சின்னதும் பெரிதுமாக, உள்நோக்கி விளிம்பு மடிந்த ஓட்டைகள்.

விஜிதரன் எட்டிப் பார்த்தான். "இடப்பக்கத்தால விழுந்து வெடிச்சிருக்கு. ஷெல்லுத் துண்டு." சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தான்.

அவள் பிறஸ்ஸை நிறுத்தவில்லை. அந்தக் கராச்சுக்கு ஓட்டையில்லாமல் வந்த பழைய மெசின் எது? தண்ணிப் பவுசரில் கண்டிருக்கிறாள், பள்ளிக்கூட வானில் கண்டிருக்கிறாள். "அவரு விட்டுட்டுப் போனப்பொறவு சும்மா நின்ன மெசின்ல விழுந்திருக்கும்" என்றாள். விஜிதரன் ஓம் என்று தலையாட்டினான். அன்று பின்னேரம் இடப்பக்கத்தைச் சுத்தப்படுத்தி, துடைத்து, பிரைமர் பூசிவிட்டே போனாள். நடக்கும்போது மனம் இலேசாகக்கூட இருந்தது. சும்மா நின்ற மெசின். ஆளில்லாத மெசின்.

அடுத்த நாள் வலப்பக்கம்.

இந்தப் பக்கத்துப் புட்டி இன்னும் தடிப்பு. சீற்றைப் பார்த்திருக்கிற உட்பக்கத் தகட்டில் கறள் அடை அடையாக எழும்பி நின்றது. தட்டினாள், பிறஸ் போட்டாள், முரட்டுத்தாள் போட்டாள். மேல்மூலையில் ஒரு ஓட்டை. பிறகு முன்விளிம்பில் இரண்டு. கீழே, சீற்றுக்கு அடிப்பக்கமாக ஒரு கொத்து. இடப்பக்கத்தைத் துளைத்துக்கொண்டு வந்த துண்டுகள் இந்தப் பக்கத்தையும் துளைத்துக்கொண்டு போயிருக்கின்றன என்று கை பாட்டுக்கு வேலை செய்ய, மனம் பாட்டுக்குக் கணக்குப் பார்த்தது. பின்விளிம்பிலும் ஓட்டை இருந்தது. நடுவில் இல்லை.

நடுவில் கறளைக் குடைந்து குடைந்து பார்த்தாள். புட்டிக்குள் மறைந்திருக்கும் என்று நினைத்தாள். சைக்கிள் கம்பியால் ஒவ்வொரு குழியாகக் குத்தினாள். எல்லாம் கறள் தின்ற குழிகள், அடிப்பாகம் இருக்கிற குழிகள். துளைத்துக்கொண்டு போன ஓட்டை ஒன்றும் இல்லை. மென்தாள் போட்டுத் தின்னரால் துடைத்தபோது தகடு வெள்ளையாக வந்தது. சுற்றிவர ஓட்டைகள், நடுவில் ஒரு முழத்துக்கு மேல் அகலத்தில் ஒரு ஓட்டையும் இல்லாத வெறும் தகடு. அது நேராக நிற்கவில்லை, மேல்பக்கம் பின்னுக்குச் சரிந்திருந்தது.

சும்மா நின்ற மெசின் என்றால் இந்தப் பக்கமும் நடுவில் துளைத்திருக்க வேண்டும். இடையில் ஏதோ இருந்து அந்தத் துண்டுகளை வாங்கியிருக்கிறது.

வீரம்மா சீலைத்துண்டை மூக்கிலிருந்து இறக்கினாள். "தம்பி, இங்க கொஞ்சம் வாங்க."

விஜிதரன் வந்தான். பார்த்தான். அவனுக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை, இதைவிட மோசமானவற்றைப் பார்த்தவன். "அக்கா, நீங்கள் போய்த் தேத்தண்ணி குடியுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"சீற்றுல ஏறி உக்காருங்க."

"என்னத்துக்கு?"

"உக்காருங்க தம்பி."

ஏறி இருந்தான். அவள் மெசினின் இடப்பக்கம் போய், நேற்றுத் தான் பிரைமர் பூசிய ஓட்டைகளின் உயரத்துக்குக் குனிந்து, அவற்றுக்கூடாகப் பார்த்தாள். அவனுடைய முதுகுக்குப் பின்னால் வெறும் தகடு மிஞ்சித் தெரிந்தது. முன்பக்கத்தில் அவனுடைய வயிற்றுக்கு நேரே இரண்டு ஓட்டைகள் மறைந்தன. அவளுக்கு மூச்சு வந்தது. பொருந்தவில்லை. யாரோ இருந்திருக்கிறான், ஆனால் இப்படி இருக்கவில்லை.

அந்த மூச்சு முழுதாக வெளியே போகவில்லை. அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பின்னுக்குத் தள்ளுங்க" என்றாள். "இன்னும். இப்ப வலது பக்கம் ஒருக்களிச்சு, தோள மட்காட்டுல முட்டுங்க. முட்டுங்க தம்பி, பரவால்ல. எடது கால நேரா நீட்டிக் கிளச்ச மிதிங்க."

விஜிதரன் மிதித்தான். ஓட்டைகள் எல்லாம் வெளியே தெரிந்தன. வெறும் தகடு ஒரு விரலளவும் தெரியவில்லை.

கிளச்சை மிதித்துக்கொண்டு இருந்திருக்கிறார். யாருக்கோ நிறுத்தியிருக்கிறார், அல்லது நிறுத்தி எடுத்திருக்கிறார். இறங்கவில்லை. ஓடவில்லை.

விஜிதரன் அப்படியே இருந்தான், இறங்கலாமா என்று கேட்கவும் பயந்தவனாக. வீரம்மா சுற்றி வந்து, அவன் மெதுவாக எழும்பிய இடத்தில், வெறும் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் தகடு சுட்டது. பெடியங்களை எத்தனை தடவை ஏசியிருப்பாள், துடைத்த இரும்பில் கை வைக்காதே என்று. வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

"அக்கா," என்றான் விஜிதரன், "இதை இப்பிடியே விடுவமோ? ஐயாட்டை நான் கதைக்கிறன். ஆருக்கும் காட்ட வேணுமெண்டாலும் காட்டலாம்."

"விட்டா விடியிறதுக்குள்ள மஞ்ச பூத்துரும்" என்றாள். கையை எடுத்தாள். ஐந்து விரலும் உள்ளங்கையுமாக ஈரம் பதிந்திருந்தது. தின்னர் துணியை எடுத்து அதைத் துடைத்தாள். ஒரு தடவை துடைத்து, துணியைத் திருப்பி, இன்னொரு தடவை துடைத்தாள்.

அந்த நேரம் ஓட்டோ வந்து நின்றது. ஐயா இறங்கினார், கையில் ஒரு பை, பைக்குள் தேங்காயும் கற்பூரமும். முதல் கோட் பெயின்ற் விழ முந்தி மெசினுக்கு ஒரு தேங்காய் உடைப்பது அவருடைய தகப்பன் காலத்து வழக்கம்.

"என்ன, இன்னும் பூசேல்லையோ? அவனைப் போல நீயும் அரைவாசியில விட்டிட்டு ஓடுற யோசனையோ?"

விஜிதரன் வாயைத் திறந்தான். வீரம்மா முந்திக்கொண்டாள். "இதப் பாருங்கய்யா." ஓட்டைகளைச் சுற்றிக் கம்பியால் காட்டிக்கொண்டு வந்து, நடுவில் நிறுத்தினாள்.

ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அந்த மெசினில் மாயாண்டி இருந்த விதத்தை அவரைவிட அதிகம் பார்த்தவர் யார்? பகிடி விட்ட முதல் ஆளே அவர்தான். குனிந்தவர் நிமிர நேரமாகியது. பையைக் கீழே வைத்தார். பிறகு அது தேவையில்லாத இடத்தில் இருப்பது போல மறுபடி எடுத்தார்.

"இது..." என்றார். "இது வேற ஆரும் இருந்திருப்பாங்கள். அவன் ஓடினாப்பிறகு ஆரோ கண்டவன் ஏறி எடுக்கப் பாத்திருப்பான். அந்த நேரம் அப்பிடித்தானே. உன்ர மனுசன் ஓடினவன்தான், வீரம்மா. நான் சொல்லுறன்."

இவ்வளவு காலம் வசையாகச் சொன்னதை அன்றைக்கு அவர் அவளிடம் கெஞ்சுவது போலச் சொன்னார். அவளுக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று பிரிக்க முடியாத குரல். வீரம்மா அவருடைய முகத்தைப் பார்த்தாள். நேற்று வரைக்கும் இந்தச் சொல்லுக்காக அவரை உள்ளுக்குள் கும்பிட்டவள்.

"ஆமாங்கய்யா" என்றாள்.

பிரைமர் டின்னைத் திறந்து, தடியால் அடிவரை கலக்கினாள். காவி நிறம். ஓட்டைகளுக்குத் தகடு ஒட்டுகிற வேலையை நாளைக்குப் பார்க்கலாம், இன்றைக்கு ஒரு மெல்லிய கோட்டாவது போட்டு மூட வேண்டும். ஓட்டைகளின் விளிம்பில் தொடங்கினாள். விளிம்பில்தான் முதலில் கறள் பிடிக்கும். பிறகு மேலிருந்து கீழாக, தூரிகை காயாமல், ஓடாமல். நடுவுக்கு வந்தபோதும் கையின் வேகம் மாறவில்லை. கண்ணில் தின்னர் அடித்தது. தோளில் துடைத்துக்கொண்டு பூசினாள்.

ஐயா போகவில்லை. பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். விஜிதரன் தேத்தண்ணி கொடுத்தான், வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். குடிக்கவில்லை. அவள் பூசி முடித்து, தூரிகையை மண்ணெண்ணெயில் அலசி, பழைய துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வெளிக்கிட்டபோதுதான் எழும்பினார். ஓட்டோவில் ஒரு காலை வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், றோட்டைப் பார்த்துச் சொன்னார்:

"பங்குனி அமாவாசைக்கு முதல் நாள், பிள்ளை."

அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவள் நின்றாள்.

"விடியப்புறம் வெளிக்கிட்டவன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ எண்டு மனுசி சொன்னவா. வந்து குடிக்கிறன் எண்டான்."

தேங்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். தேங்காய் உடைபடவில்லை. நாள் கிழமை தெரியாது என்று இத்தனை வருடம் சொன்ன மனிதர் தேத்தண்ணி வரைக்கும் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். வீரம்மாவுக்குக் கோபம் வரும் என்று விஜிதரன் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் சைக்கிளை எடுத்தாள்.

வீட்டில் சுதர்சினி வந்து அடுப்பு மூட்டியிருந்தாள். வீரம்மா கிணற்றடியில் நெடுநேரம் முழுகினாள். தலையிலிருந்து செந்தண்ணி ஓடி முடியும் வரை வாளி வாளியாக ஊற்றினாள். உடுப்பு மாற்றிக்கொண்டு குசினி வாசலில் வந்து இருந்தாள்.

"அந்தக் கார்ட் அடிக்கிறவருக்குப் போனப் போடு."

"ஏனம்மா?"

"அப்பா பேருக்கு முன்னால அமரர்னு போடச் சொல்லு."

சுதர்சினியின் கையிலிருந்த அகப்பை நின்றது. எத்தனை மாதமாகச் சண்டை பிடித்துக் கேட்டது. அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். "ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"யாரும் சொல்லல. மெசின்ல பாத்தேன்."

வீரம்மா சொன்னாள். ஓட்டைகளை, நடுவிலிருந்த வெறும் தகட்டை, கிளச்சை. சுருக்கமாகத்தான் சொன்னாள், பிரைமர் பூசியதையும் சேர்த்து. ஐயா சொன்ன நாளைச் சொன்னாள். "இனி வருசா வருசம் அந்த நாள்ல படைக்கலாம்."

சுதர்சினி அகப்பையோடு தரையில் இருந்துவிட்டாள். சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது, இருவரும் எழும்பவில்லை.

"வேண்டாமம்மா" என்றாள் கடைசியில், சின்னப்பிள்ளைக் குரலில். "வெறும் பேரையே போடுவம். சனம் கேட்டால் கேட்கட்டும். நீங்கள் சொன்ன மாதிரி வெளியூரில எண்டு சொல்லுவம். நான் அஜந்தனிட்டைச் சொல்லுறனே, அவர் ஒண்டும் சொல்லமாட்டார்..."

அவர் சாகவில்லையென்று தாய் சொல்லிக்கொண்டே இருந்ததில்தான் மகளும் அத்தனை காலம் சாய்ந்திருந்தாள் என்பது வீரம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. எழும்பி, சோற்றுப்பானையை இறக்கி வைத்தாள். வழிந்த கஞ்சியைத் துணியால் துடைத்தாள். பிறகு அலுமாரியின் மேலிருந்த போனை எடுத்து வந்து மகளின் கையில் வைத்தாள்.

"போடு" என்றாள். "அவரு காத்துக்கிட்டிருப்பாரு."